புலம்பெயர் தொழிலாளர்களை மாவட்டச் சுகாதாரத் திட்டமிடலில் பங்காளிகளாகச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
தொழிலாளர் குடியிருப்புப் பகுதி மக்கள் (உள்ளூரார், வெளிமாநிலத்தார் இரு தரப்பும்),
15 வேலம்பாளையம், திருப்பூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: மாவட்ட சுகாதாரப் பேரவையிலும் சுகாதாரக் கணக்கெடுப்புகளிலும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இடமளிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் எங்கள் பகுதியின் லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மனுவில் கையெழுத்திட்டிருப்பவர்களில் அவர்களும் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களான நாங்களும் உண்டு. எழுதியதை இந்தியில் சொல்லிக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் கொடுக்கிறோம்.

திட்டமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் தொடங்கி, வேலை செய்யும் இடத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலத்தவர், உரிய சான்று இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டிலும் சேரலாம். இவையெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் இவற்றைத் தீட்டியபோது, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு அறைக்குத் திரும்பும் ஒருவரை உட்காரவைத்து யாரும் கேட்டதாக எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, வேலை செய்பவருக்குச் சான்று வாங்க அலையும் ஒவ்வொரு நாளும் சம்பளம் இல்லாத நாள். வாடகை ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் லைன் வீட்டில் யாரிடமும் கிடையாது. அவர்கள் வேலை விட்டு வரும்போது சுகாதார நிலையத்தில் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்திருக்கும்.

கணக்கெடுப்பு, ஆய்வு என்று வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் டேப்லெட், அதில் கேள்விகள் தமிழில். மொழிபெயர்த்துச் சொல்வது பெரும்பாலும் சூப்பர்வைசர். "உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டால், அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு "இல்லை" என்கிறார்கள். கட்டிங்கில் பஞ்சுத் தூசியால் விடாத இருமல், செக்கிங்கில் நாள் முழுக்க நிற்பதால் கால் வீக்கம், கழிப்பறைக்குப் போகக் கேட்கத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு, எதுவும் படிவத்தில் ஏறுவதில்லை. அப்படி எழுதிய கணக்கை வைத்து எந்த மருந்தை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்? ஆய்வில் என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொன்னவரும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் சம்மதம் பெறச் சொல்கின்றன. சமூகத்தையும் ஆய்வில் ஈடுபடுத்தச் சொல்கின்றன. தங்கள் நலவாழ்வைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று 1978 அல்மா ஆட்டா பிரகடனமே சொல்லிவிட்டது.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நடுவில் தீபாவளி, சாத் பூஜை வரும், ஆட்கள் ஊருக்குப் போவார்கள். சிம் கார்டு மாறும், இங்கிருந்து கூப்பிட்டால் எண் கிடைக்காது. காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு இருந்தால் சிகிச்சையைச் சொந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம், ஊட்டச்சத்துக்கான மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து வரும். இது தெரியாமல், பாதி அட்டை மாத்திரையை அலமாரியிலேயே விட்டுவிட்டு ரயிலேறியவர் எங்கள் தெருவிலேயே உண்டு. அவரோடு அறையில் இருந்த ஒடிசாக்காரத் தம்பி சொன்ன யோசனை இது: "ஊருக்குப் போக டிக்கெட் போடும்போதே மாத்திரையையும் ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு மாதம் முன்பே தெரியும்." அந்தத் தகவல் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இருக்காது.

தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோது, மாவட்ட நிர்வாகம் உதவி எண் அறிவித்து, தொழிலாளர்களை நேரில் சந்தித்து, அவர்கள் மொழியில் பேசியது. பயந்து மூட்டை கட்டியவர்கள் பலர் அதைக் கேட்டுத்தான் நின்றார்கள். அதே அணுகுமுறையை உடல்நலத்துக்கும் நிரந்தரமாக்கித் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதலாவதாக, மாவட்டத்தின் சுகாதாரத் தேவைகளை விவாதிக்கத் தங்கள் தலைமையில் கூடும் மாவட்ட சுகாதாரப் பேரவையில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு உறுப்பினர் இடம் வேண்டும், அதில் சரிபாதி பெண்களாக இருக்க வேண்டும். இவர்களை ஏஜென்டோ கம்பெனி நிர்வாகமோ நியமிக்கக் கூடாது. குடியிருப்பிலேயே கூட்டம் போட்டு அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த ஆட்களை மொழிபெயர்ப்புக்கு வையுங்கள். பேரவை வேலைநாளில் கூடினால் அன்றைய கூலியை ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியலில் மட்டும்தான் அவர்கள் இருப்பார்கள்.

அடுத்து, இந்த மாவட்டத்தில் அரசோ கல்லூரிகளோ தொழிலாளர் உடல்நலம் பற்றி எந்த ஆய்வு செய்தாலும், கேள்விகளை முடிவு செய்யும் முன் தொழிலாளர் குழு ஒன்றுடன் கலந்துபேச வேண்டும். விசாரிப்பது குடியிருப்பில் நடக்கட்டும், மேற்பார்வையாளர் பக்கத்தில் வேண்டாம். முடிவு வந்ததும் அதே குடியிருப்புக்கு வந்து, தெரிந்தது என்ன, அதை வைத்து அரசு செய்யப்போவது என்ன என்று சொல்ல வேண்டும். இதைத்தான் நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம்.

அதோடு, மக்களைத் தேடி மருத்துவப் பணிக்குத் தமிழும் தாய்மொழியும் பேசும் தொழிலாளர் குடும்பப் பெண்களைப் பயிற்சி கொடுத்து, ஊதியத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண் என்றால் என்ன என்றே தெரியாமல் கர்ப்பிணிகள் ஏழாம் மாதம்வரை இருந்துவிடுகிறார்கள். பக்கத்து அறைப் பெண் சொன்னால் முதல் சில மாதங்களிலேயே பதிவு செய்துவிடுவார்கள்.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை என்பது திருப்பூர் வழக்கம். ஏதாவது ஒரு ஞாயிறு மாலை தாங்களோ சுகாதாரத் துறை அலுவலர்களோ எங்கள் பகுதிக்கு வந்தால், கூட்டத்துக்கான இடத்தையும் ஆட்களையும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். தேதியைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
15 வேலம்பாளையம் தொழிலாளர் குடியிருப்புப் பகுதி மக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல்