சமர்கந்து அக்காவுக்கு நன்றி

போன நவம்பரில் உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கந்து நகரத்தில், ரெகிஸ்தான் சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன விடுதியில் மூன்று இரவு தங்கினேன். வாடகை குறைவு, அறை சுத்தம். அங்கே காலை உணவு பரிமாறிய அக்காவுக்குத்தான் இந்த நன்றி.

இரண்டாம் நாள் இரவு வயிறு புரட்டி எடுத்துவிட்டது. காலையில் நான் சாப்பிட வராததைப் பார்த்து அவரே மாடியேறி வந்து கதவைத் தட்டினார். எனக்கு உஸ்பெக் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனவர், பச்சைத் தேநீரும் 'நவோத்' கட்டிகளும் கொண்டு வந்தார். நம்ம கற்கண்டேதான், மஞ்சள் நிறத்தில், நூலைச் சுற்றி விளைந்தது. தேநீரைப் பியாலா என்ற கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஊற்றி, மறுபடி கெண்டியிலேயே விட்டார். இப்படி மூன்று முறை. அப்புறம்தான் கற்கண்டைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். வயிற்றுவலிக்கு அங்கே அதுதான் கைவைத்தியம்.

மதியம் வேலை முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சோறு குழைய வடித்து, தயிர் ஊற்றி எடுத்து வந்தார். அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது பணம் நீட்டினேன், வாங்கவே இல்லை. பதிலுக்கு, நடுவில் பூ முத்திரை குத்திய கனமான சமர்கந்து ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி, ரயிலில் சாப்பிடச் சொல்லிக் கையில் திணித்தார்.

அவர் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். விடுதியில் எல்லாரும் 'ஓபா' என்றுதான் கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தம். ரஹ்மத், ஓபா. நன்றி, அக்கா.