திண்டோரியில் எங்களுக்காகப் பொறுத்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்துத் திண்டோரியில் நாங்கள் நடத்தி வந்த ஒயின் ஆலையை இந்த மார்ச்சோடு கைமாற்றி விடுகிறோம். நாசிக், திண்டோரிப் பக்கத்து ஆட்களுக்கு மராத்தியில் தனியாக ஒரு மடல் எழுதிக் கொடுத்தாயிற்று. இது மும்பையில் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் சின்னமனூர்ச் சொந்தங்களுக்கும். முதல் பாட்டில்களை வாங்கியது நீங்கள். முதல் கடன் கொடுத்ததும் நீங்கள். உங்கள் பணம் அங்கே யார் யார் கையில் பத்திரமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

சின்னதாக ஒரு ஒயின் ஆலை நடத்த என்ன வேண்டும் என்று கேட்பவர்களிடம் டேங்க், பழம் பிழிய பிரஸ், குளிரூட்ட சில்லர் என்று என் வீட்டுக்காரர் பட்டியல் போடுவார். நான் ஒன்றுதான் சொல்வேன்: பொறுக்கிற மனுஷர்கள் வேண்டும். கொடி நட்டால் மூன்றாம் வருடம்தான் சொல்லிக்கொள்ளும்படி காய்ப்பு. சிவப்பு ஒயின் என்றால் அதற்கு மேல் பீப்பாயிலும் பாட்டிலிலுமாக ஒன்றரை, இரண்டு வருடம். காசு அதற்கப்புறம். ஓட்டல்காரர் தருவது அதற்கும் அப்புறம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுத்ததால்தான் நாங்கள் பிழைத்தோம்.

திண்டோரியில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அங்கே எல்லோரும் தாம்சன் விதையில்லாத் திராட்சை போடுகிறவர்கள். பறித்த கையோடு பெட்டியில் அடுக்கினால் ஐரோப்பாவுக்குக் கப்பலேறும், பணம் வரும். அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு எங்களுக்காகச் சிவப்பு ஒயினுக்கான ஷிராஸும் வெள்ளை ஒயினுக்கான ஷெனின் பிளாங்கும் நட்டவர் நாங்கள் காகா என்று கூப்பிடும் பெரியவர். 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று கொள்கை கொண்டுவந்த பிறகு நாசிக்கில் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்திருந்தது. அந்த வேகம் 2008 நவம்பர் வரைதான். மும்பைத் தாக்குதல் ஒரு பக்கம், உலகப் பொருளாதார மந்தம் மறுபக்கம். ஓட்டல்கள் காலி, ஆலைகளில் போன வருட ஒயினே தேங்கிக் கிடந்தது. வாங்க ஆளில்லாமல் எத்தனையோ விவசாயிகள் ஒயின் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். காகா பிடுங்கவில்லை. "வெட்டுறதுக்கு ஒரு நாள் போதும், அடுத்த வருஷமும் வெட்டிக்கலாம்" என்றார். அந்த வருடப் பழத்துக்கான பணத்தை நாங்கள் தவணை தவணையாகக் கொடுத்து முடிக்கும் வரை ஒரு நாளும் வாசலில் வந்து நின்றதில்லை.

பேட், சுர்காணா பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வரும் பழங்குடிப் பெண்களும் ஆண்களும் இல்லையென்றால் நாசிக் திராட்சையே கிடையாது. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை விட்டு செப்டம்பர், அக்டோபரில் ஒரு கவாத்து. முதல் வெட்டு கிளைக்கு, இரண்டாவது வெட்டு காய்க்கு. எங்கள் கூட்டத்துக்குத் தலைவியாக வரும் தாயி குச்சியை விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பார். பென்சில் பருமன் இருந்தால் இத்தனை மொட்டு, அதற்கு மெலிந்தால் இத்தனை என்று கத்தரி தானாகப் போய் நிற்கும். அறுவடை நேரத்தில் விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள்; வெயில் ஏறுவதற்குள் பழம் ஆலைக்கு வந்தாக வேண்டும். பாட்டிலில் எங்கள் பெயர் அச்சாகிறது. தாயியின் பெயருக்கு லேபிளில் இடமில்லை. அது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

ஒரு பிப்ரவரி ராத்திரியைச் சொல்லியாக வேண்டும். ஷெனின் பிளாங்க் டேங்கில் நொதித்துக்கொண்டிருக்கிறது. ஈஸ்ட் வேலை செய்யும்போது சூடு கிளம்பும்; வெள்ளை ஒயினைப் பதினைந்து, பதினாறு டிகிரியில் பிடித்து வைக்காவிட்டால் வாசனையெல்லாம் பறந்துவிடும். கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துவிட்டது. டேங்கில் காதை வைத்தால் உள்ளே சோடா பொங்குகிற மாதிரி சத்தம், தெர்மாமீட்டர் ஏறுகிறது. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரிக்காரரை எழுப்பப் போனார். அந்த மனிதர் லுங்கியோடு வந்து டெம்போவில் பாளம் பாளமாக ஏற்றிக்கொண்டு, கூடவே தன் மகனையும் கூட்டி வந்தார். ஈரச்சாக்கை டேங்கைச் சுற்றிக் கட்டி, மேலிருந்து ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். வயர்மேன் கம்பத்தில் ஏறி லைனைக் கொடுத்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. "அண்ணா, ஐஸுக்கு எப்ப முடியுதோ அப்ப கொடுங்க" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போனார். (தெற்கத்திக்காரர் யாராக இருந்தாலும் அங்கே அண்ணாதான்.)

2020-ல் அறுவடை முடிந்து டேங்கெல்லாம் நிரம்பியிருந்த மார்ச் 25-ல் ஊரடங்கு. ஊரடங்கு பீப்பாய்க்குத் தெரியாதே. 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குறைந்ததை நிரப்பாமல் விட்டால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும். ஊருக்குப் போகாமல் ஆலையிலேயே தங்கி, கஞ்சி காய்ச்சிக் குடித்து, பீப்பாய் பீப்பாயாக நிரப்பிய இரண்டு பையன்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? பாட்டில் வியாபாரி அந்த வருடம் முழுக்கப் பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொடுக்க வசதியிருந்தும் கடைசிவரை கொடுக்காத ஒரு விநியோகஸ்தரும் உண்டு. அவரைப் பற்றி இங்கே எதற்கு.

எங்கள் கணக்காளருக்கும் ஒரு கும்பிடு. மது மாநிலப் பட்டியலில் இருக்கிற சமாச்சாரம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லேபிள் பதிவு, தனிக் கட்டணம், தனிப் பேரேடு. 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோது அவர் ஒருவர்தான் "கடையில பாட்டிலைப் பார்த்தப்புறம் துள்ளுங்க" என்றார். எதிர்ப்பு கிளம்பியது, கடைக்கு ஒயின் வரவே இல்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னமனூரில் பந்தலில் பன்னீர் திராட்சை போட்டவர். கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்தில் பறிப்பு நடக்கும். திண்டோரியில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் என்றதும் முகம் சுருங்கியது. ஷிராஸ் கொத்தைக் கையில் வாங்கி, ஒன்றை வாயில் போட்டு, தோலையும் விதையையும் துப்பிவிட்டு, "இதை எவன் திம்பான்?" என்றார். தின்கிறதற்கில்லை என்று விளக்கியதும் நெடுநேரம் பேசவில்லை. ஊருக்குப் போன பிறகு பணம் அனுப்பினார். ஒயினைக் கடைசிவரை அவர் தொட்டதில்லை. எங்களை "ஒயின்ஷாப் வெச்சிருக்கிறவங்க" என்றே ஊரெல்லாம் சொல்லி வந்த பெரியம்மாவும் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தவர்தான்.

ஆலையை எடுத்து நடத்தப்போவது காகாவின் பேத்தியும் அவள் கணவரும். பீப்பாயில் இருக்கும் ஷிராஸ் அவர்கள் லேபிளில் வரும், வாங்கிப் பாருங்கள். எங்களிடமிருந்து யாருக்காவது ஒரு ரூபாய் வர வேண்டியிருந்தாலும், நாங்களே மறந்திருந்தாலும், கூச்சப்படாமல் இம்மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள். கணக்குப் புத்தகம் அதுவரை என் மேசையில்தான் இருக்கும்.