தேக்கா கடை முதலாளிகளுக்கு: வர்ச்சுவல் நம்பர் வாங்குமுன் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் தேக்கா வட்டாரக் கடை முதலாளிகளுக்கு,

வணக்கம். சொந்தக் கைபேசி எண்ணையே கடைப் பலகையிலும் பில்லிலும் அச்சடித்துவிட்டு, இரவு 11 மணிக்கும் "மல்லிகைப்பூ வந்துடுச்சா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் உங்களில் பலர். கடைக்கென்று தனியாக வர்ச்சுவல் நம்பர் (சிம் இல்லாமல், இணையம் வழியாகச் செயலியில் இயங்கும் எண்) வாங்குவது நல்ல யோசனைதான். அதை எங்கே, யார் பெயரில் வாங்குகிறீர்கள் என்பதில்தான் சிக்கல்.

வெளிநாட்டு இணையத்தளங்களில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். 2020 ஏப்ரல் முதல், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி சேர்க்கப்படுகிறது. உள்ளூர் அழைப்பென்றால் எட்டு இலக்கம் மட்டும் தெரியும். விற்றவர் அழைப்பை வெளிநாட்டு வழியாகச் சுற்றி அனுப்பினால், உங்கள் கடை எண் வாடிக்கையாளர் திரையில் "+65" என்று தொடங்கக்கூடும். மோசடிக்காரன் என்று நினைத்து எடுக்கமாட்டார்கள். வெளிநாட்டு அழைப்பைத் தடுத்து வைத்திருப்பவருக்கோ மணியே அடிக்காது. ஆகவே பணம் கட்டுமுன் சோதனை எண் கேளுங்கள். அந்த எண்ணைச் சேமித்து வைக்காத ஒரு கைபேசிக்கு அழைத்து, திரையைப் பாருங்கள்.

இங்கே உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் 3-இல் தொடங்கும் எண்களும் உண்டு. அவை இணையவழித் தொலைபேசிக்கென ஒதுக்கப்பட்டவை. ஆனால் 6-இல் தொடங்குவது எல்லாருக்கும் பழகிய எண். கிடைத்தால் அதையே எடுங்கள். பதிவு கடையின் யூஇஎன் எண்ணில் (நிறுவனப் பதிவு எண்) இருக்கட்டும். கணினி தெரிந்த தம்பி பெயரில் பதிந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் எண்ணும் அவரோடு போய்விடும்.

திருப்பி அழைக்கும்போது செயலியைத் திறந்து அதிலிருந்துதான் அழைக்க வேண்டும். அவசரத்தில் கைபேசியின் வழக்கமான டயல் பேடில் எண்ணை அழுத்தினால், மறைக்க நினைத்த சொந்த எண் போய்ச் சேரும். ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுதான்.

குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், முதலில் ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்ற, இணைய அழைப்புகளில் குறுக்கிடும் வசதியை அணைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் உள்வரும் அழைப்பு மணியடிக்கவில்லையா? பெரும்பாலும் ரவுட்டர் இணைப்பை மூடியிருக்கும், அல்லது கைபேசியின் பேட்டரி சேமிப்பு செயலியைத் தூங்க வைத்திருக்கும். செயலிக்கு மட்டும் அந்தச் சேமிப்பை நிறுத்தி, செயலியில் 'கீப்அலைவ்' (இணைப்பு மூடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சமிக்ஞை) இடைவெளியை 30 வினாடியாக வையுங்கள். இணைய வேகத்தைக் குறை சொல்லாதீர்கள்: ஓர் அழைப்புக்கு வினாடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவைப்படாது. கடைக்குள் வைஃபை சிக்னல்தான் பலவீனமாக இருக்கும்.

இந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் பதிவு செய்ய, சரிபார்ப்புக் குறியீட்டைக் குரல் அழைப்பாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் "தமிழுக்கு 1 அழுத்தவும்" என்ற தானியங்கி வரவேற்பு ஓடினால் குறியீடு வந்து சேராது. சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். வங்கி ஓடிபி, சிங்பாஸ் (அரசு மின்னடையாளக் கணக்கு) இரண்டும் சிம் எண்ணிலேயே இருக்கட்டும்.

தீபாவளித் தள்ளுபடிக் குறுஞ்செய்தியைக் கடைப் பெயரில் அனுப்புவதாக இருந்தால், 2023 ஜனவரி 31 முதல் அந்தப் பெயரைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாவிட்டால் 'லைக்லி ஸ்கேம்' (மோசடியாக இருக்கலாம்) என்ற முத்திரையோடுதான் போகும். விளம்பர அழைப்புக்கு முன் டிஎன்சி பதிவேட்டையும் (விளம்பர அழைப்பு வேண்டாம் என்றவர்களின் எண்கள்) பாருங்கள். எண்ணை மறைத்து விளம்பர அழைப்பு செய்வது சட்டப்படி தவறு.

மின்சாரமோ இணையமோ போனால் கவுண்டரில் உள்ள இணையவழித் தொலைபேசி வேலை செய்யாது. "அவசர உதவிக்கு (ஆம்புலன்ஸ், தீயணைப்பு) 995-க்குக் கைபேசியில் அழைக்கவும்" என்று கடை முகவரியோடு எழுதி, அதன்மேல் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
தொலைபேசி இணைப்பு அமைத்துத் தரும் தொழிலில் உள்ளோர்