பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தன்னிடம் 20 வருடப் பழைய ஃபோர் வீல் ஜீப் இருக்கிறது, தினமும் வேலைக்குப் போவதும் அதில்தான், காட்டுப்பாதையிலும் ஓட்ட ஆசை, முதலில் என்ன மாற்றம் செய்யலாம் என்று. நல்ல கேள்வி. அதற்கு உங்கள் நிபுணர் தந்த பதில்: முதலில் வண்டியை மூன்று அங்குலம் உயர்த்துங்கள், பெரிய டயர் மாட்டுங்கள், வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள், "பிரேக் போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அந்தக் கடைசி வரியை நான் சரியாகத்தான் படித்தேனா என்று பேத்தியைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். அவளும் அப்படியே படித்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் தாண்டிக்குடியில் காப்பி, மிளகு, மலைவாழை வைத்திருப்பவன். என் ஜீப் 1994-ஆம் வருடத்து மகிந்திரா எம்.எம்.540. 2001-இல் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். காலையில் பேத்தியைப் பண்ணைக்காட்டில் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதுதான். தோட்டத்துக்கு உரம் ஏற்றுவதும், வாழைத்தாரை வத்தலக்குண்டுக்கு இறக்குவதும், பழம் பறிக்கும் காலத்தில் ஆட்களை ஏற்றி வருவதும் அதுதான். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்; சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசித்தான் பிடிக்கும். தொடர்ந்து மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். தண்ணீரில் இறங்கி ஏறினால் சிறிது தூரத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது. பெடலை லேசாக மிதித்தபடியே ஓட்டி உலர்த்த வேண்டும். மலையில் ஜீப் ஓட்டுகிறவன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. தங்களுக்கும் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பதிலில் இதற்கு ஒரு சொல்கூட இடம் இல்லை.

என் அக்காள் மகன் தன் ஜீப்பை உயர்த்தியது இரண்டு வருடங்களுக்கு முன். உங்கள் பத்திரிகையில் அப்போது வந்த கட்டுரை ஒன்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போனான். ஸ்பிரிங்கை வண்டியோடு பிணைக்கும் ஷேக்கிளை மாற்றி, பட்டை ஸ்பிரிங்கைக் கூட்டிக் கட்டி, வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சேசிஸிலிருந்து (வண்டியின் அடிச்சட்டம்) சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலுக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுவரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸை மட்டும் யாரும் தொடவில்லை. சேசிஸ் மூன்று அங்குலம் மேலே போய்விட்டது, ஹோஸ் பழைய நீளத்திலேயே இருந்தது. சமதரையில் அது தெரியாது. தோட்டத்துப் பாதையில் வாய்க்காலைக் கடக்கும்போது பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கும் அல்லவா, ஒவ்வொரு முறையும் அந்த ரப்பர் விறைத்து இழுபட்டிருக்கிறது. இரும்பு இணைப்பை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்திருக்கிறது.

ஒரு நாள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, கூடவே வேலைக்கு வந்த ஐந்து பெண்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கினான். பெரும்பாறைக்குக் கீழே ஒரு வளைவில் பெடல் அடிப்பலகைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கம் மண்மேட்டில் கொண்டு முட்டினான். இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது என்று அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். பின்னால் இருந்தவர்களில் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்த வருடப் பறிப்பு முழுவதும் அவர் வேலைக்கு வரவில்லை.

மறுநாள் நான் வண்டிக்கு அடியில் படுத்து அந்த ஹோஸைக் கழற்றினேன். கருப்பு ரப்பர் வாயைப் பிளந்திருந்தது; உள்ளே இருந்த நூல் பிசிறு பிசிறாக நின்றது; விரலை வைத்தால் பிரேக் ஆயில் பிசுபிசுத்தது. இன்னும் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆசிரியர் விரும்பினால் தபாலில் அனுப்பி வைக்கிறேன். இதைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். வரவில்லை. பக்க நெருக்கடி இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதே யோசனை மறுபடியும் அச்சில் வந்திருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

டயர் விஷயமும் அப்படித்தான். 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் மாட்டினால், ஒரு சுற்றுக்கு வண்டி பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடும். மீட்டர் 40 காட்டும்போது வண்டி 44-இல் போகும். முதல் கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்கிற பிடியும் அதே அளவு குறையும். கனமான பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டிய டிரம்மோ பழைய டிரம்தான். உயர்த்திய வண்டி வளைவில் இன்னும் கொஞ்சம் சாயும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த பெரிய டயர் சேற்றில் நன்றாகக் கடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஈரமான தார் ரோட்டில் அது வழுக்கும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை முழுவதும் தார் ஈரம்தான். தினமும் ஓட்டும் வண்டி என்று அந்த வாசகர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வருடத்தில் பத்து நாள் சேற்றுக்காக மற்ற நாட்களை அவர் அடகு வைக்க வேண்டுமா?

வின்ச் பற்றிச் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூரிலிருந்து வந்த நான்கைந்து வண்டிகளில் ஒன்று என் தோட்டத்து ஓரத்துச் சரிவில் மாட்டிக்கொண்டது. நான் போய்ச் சேருவதற்குள் வின்ச் கம்பியை நேராக ஒரு சில்வர் ஓக் மரத்தில் சுற்றி இழுத்துவிட்டார்கள். மரத்துக்கு அகலமான வார் போடவில்லை. கம்பியின் மேல் நனைத்த சாக்கு போடவில்லை. அறுந்திருந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பையனின் கதி என்ன? மரத்தின் பட்டை வளையம் போட்டதுபோல் சுற்றிலும் அறுந்துவிட்டது. அடுத்த கோடைக்குள் மரம் காய்ந்தது. அதில் ஏற்றியிருந்த மிளகுக்கொடிக்கு 12 வயது. மன்னிப்புக் கேட்டார்கள், நல்ல பிள்ளைகள்தான். வின்ச் வாங்கச் சொன்னவர்கள் அதைக் கட்டும் முறையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்தில் எழுதியிருக்கும் விதி. அதை நினைவூட்டி ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். அந்த விதி எந்த வரியில் இருந்ததோ அந்த வரியை வெட்டிவிட்டீர்கள். அதற்கு அடுத்த இதழில் அட்டைப்படம், காட்டு ஓடையின் நடுவே தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஒரு ஜீப். அந்த மாதிரி ஓடையின் தண்ணீரைக் குடித்துத்தான் கீழே ஊர்கள் இருக்கின்றன ஐயா. வண்டியின் கிரீசும் டீசலும் எங்கே போகும் என்று படம் எடுத்தவர் யோசித்திருக்க மாட்டார். தாங்கள் யோசித்திருப்பீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையைப் புரட்டிப் போட்டபோது பாதையெல்லாம் மரம். என் ஜீப்பில் அன்றும் உயர்த்தல் இல்லை, வின்ச் இல்லை. முன்னாலும் பின்னாலும் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய கொக்கி இருந்தது, நல்ல கயிறு இருந்தது, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் லோ கியர் இருந்தது. வெட்டிய மரத்தை ஓரத்துக்கு இழுக்க அது போதுமானதாக இருந்தது. பம்பர் தகட்டில் மாட்டிய கொக்கியாக இருந்தால் பிய்த்துக்கொண்டு பறந்திருக்கும்.

ஆகவே அந்த வாசகருக்கு முதல் மாற்றம் என்று நான் சொல்வது மாற்றமே அல்ல, பழுதுபார்த்தல். பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், ஹோஸ், ஸ்டியரிங் ஜாயிண்ட், ஸ்பிரிங் புஷ். 20 வருட வண்டியில் இவற்றில் பாதியாவது தேய்ந்துதான் இருக்கும். அடுத்து, கம்பெனி சொன்ன அளவிலேயே, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நல்ல டயர். அதற்கும் அடுத்து பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப். சேறு வந்தால் 30 பவுண்டு காற்றை 20-க்கு இறக்கினால் டயர் அகன்று படிந்து, அதே வண்டி ஏறிவிடும். தாருக்கு வந்ததும் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். இதை ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகும் அடி தட்டுகிறது என்றால் அப்போது உயர்த்துவதைப் பற்றிப் பேசலாம். வெள்ளை எல்.இ.டி. பட்டியைக் கூரையில் வைக்கச் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். மூடுபனியில் அந்த வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், எதிரே வருகிறவர் கண்ணிலும் அடிக்கும். தாழ்வாக வைத்த மஞ்சள் விளக்கு இரண்டு போதும்.

சட்டத்தையும் உங்கள் நிபுணர் சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்பக்க இரும்புக் காப்புக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. 15 வருடம் தாண்டிய வண்டி பதிவைப் புதுப்பிக்கச் சோதனைக்குப் போய் நிற்கிற நாளில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வாசகர்தான், பத்திரிகை அல்ல.

இவ்வளவு எழுதிவிட்டேன். நான் கேட்பது பெரிதல்ல. என் கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி கேட்ட அந்த வாசகரின் ஊர்ப்பெயரை நீங்கள் போடவில்லை. முகவரி உங்களிடம் இருக்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அவருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டு, வண்டியை உயர்த்துவதாக இருந்தால் பிரேக் ஹோஸை மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே உயர்த்திவிட்டார் என்றால், பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஹோஸ் எவ்வளவு இழுபடுகிறது என்று அடியில் படுத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
25 வருட வாசகர்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.