ஆர்ஓ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்: எங்கள் குடியிருப்புச் சொசைட்டி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயலர் அண்ணாச்சிக்கும் தலைவர், பொருளாளர் உள்ளிட்ட குழுவினருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு வீடு தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம், மாதத் தவணை, ஐந்தாண்டுப் பராமரிப்பு என்று பொதுக்கூட்டத்தில் ஒரு நிறுவனம் வைத்த திட்டத்துக்கு நீங்கள் சம்மதிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். தாராவியில் நம் குழாயில் வரும் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையில்லை. தேவைப்படுவது வேறு, அதற்கு ஆகும் செலவும் குறைவு.

முதலில் அந்த வித்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விற்பனையாளர் மேசை மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தார். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய இயந்திரத்தின் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம் தண்ணீர் பழுப்பாகி, செதில் செதிலாகக் கசடு மிதந்தது. இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்றார். முன்வரிசை ஆச்சிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. இரும்புக் கம்பி அது. தாது உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரைந்து துருவாகப் பிரியும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, தெளிவாக நின்றது. அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். மறுபடி வரச்சொல்லுங்கள், உப்பு டப்பாவோடு நான் வருகிறேன்.

ஆர்ஓவின் முதன்மையான வேலை கரைந்த உப்பைப் பிரிப்பது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களில் அதற்கு அவசியம் இருக்கலாம். மும்பைக்கு வருவது தான்சா, பாட்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, விகார், துளசி என்ற ஏழு ஏரிகளின் மழைத் தண்ணீர். குடிநீரில் கரைந்த பொருட்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். என் வீட்டுக் குழாயில் அதை அளக்கும் மீட்டர் காட்டுவது 80. இந்த 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதே, அது இந்த விற்பனையாளருக்குத் தெரியாமலா இருக்கும்?

வீணாகும் தண்ணீரையும் பாருங்கள். வீடுகளில் வைக்கும் சாதாரண ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டர் வரை சாக்கடைக்கு அனுப்பும். 2024 ஜூனில் ஏரிகள் வற்றி மாநகராட்சி 10 சதவீத நீர்வெட்டு அறிவித்தபோது, குடம் நிரம்புவதற்குள் குழாய் நின்றுபோகிறது என்று படிக்கட்டில் நின்று புலம்பியவர்கள் நாம்தான்.

நமக்கு உள்ள ஆபத்து கிருமி. தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. மற்ற நேரம் குழாய் காலி. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் விரிசல் இருந்தால், அழுத்தம் இல்லாத அந்த நேரத்தில் வெளியில் இருப்பது உள்ளே இறங்கும். போதாக்குறைக்கு நம் தரைத்தொட்டியின் மூடி, ஒரு பக்கம் உடைந்து, சாக்குப் போட்டு மூடியிருக்கிறது.

இதற்குக் கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு வைத்த சாதாரண ஃபில்டர் போதும். அது இல்லாத வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் போதும். ஃபில்டர் எதுவானாலும் கவனிக்காமல் விட்டால் பயனில்லை. மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் முதலில் நுழையும் முன்வடிகட்டியின் உறையைக் கழற்றிப் பாருங்கள்: வெள்ளையாகப் போட்ட கேட்ரிட்ஜ் (வடிகட்டும் உருளை) தேநீர் நிறத்தில் இருக்கும், விரலால் தொட்டால் வழுக்கும். அதை மாற்ற ஆள் வரவேண்டியதில்லை. குழாயை அடைத்து, உறையைத் திருகி, புதியதைச் செருகினால் முடிந்தது. யூவி விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஏறத்தாழ ஓராண்டில் அதன் வீரியம் குறைந்துவிடும். அதைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழலில் படிவு ஏறினாலும் ஒளி தண்ணீரை எட்டாது. ஃபில்டரில் உள்ள கரி வடிகட்டி, கிருமியைக் கொல்ல மாநகராட்சி கலக்கும் குளோரினை நீக்கிவிடுவதால், அதற்குப் பின் இயந்திரத்தின் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. ஊருக்குப் போய்த் திரும்பினால் அந்தத் தொட்டியைக் காலி செய்து கழுவிய பிறகுதான் குடிக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்தால் அடுத்த ஆண்டு நாம் ஏன் அவர்களைக் கூப்பிடப் போகிறோம்?

ஆகவே குழுவிடம் நான் கேட்பது: ஒப்பந்தத்தை நிறுத்துங்கள். தரைத்தொட்டிக்கு ரப்பர் விளிம்பு வைத்த இரும்பு மூடி போடுங்கள். தரைத்தொட்டி, மாடித்தொட்டி இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, தேதியை லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். குளோரின் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள், விலை சொற்பம்தான். பெட்டியில் உள்ள சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டால் குளோரின் உள்ள தண்ணீர் மஞ்சளாகும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது காட்ட வேண்டும். காட்டாத நாளில் வார்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை சோதித்து எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பெட்டியை மட்டும் சொசைட்டிப் பணத்தில் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பி விங், நான்காம் மாடியில் குடியிருப்பவள்