புலம்புகிறவர்களை அதட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

துன்பம் வரும்போது கடவுளிடம் முறையிடுவது நம்பிக்கைக் குறைவு, எப்போதும் நன்றிதான் சொல்ல வேண்டும் என்று உங்கள் ஆன்மிகப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், சரி. ஆனால் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு எப்படி இருக்கும்?

என் தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது முதல் சில நாள் நானும் அப்படித்தான் ஜெபித்தேன், நன்றி ஆண்டவரே, உமது சித்தம் ஆண்டவரே என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், உள்ளே கொதிக்கும். ஒரு ராத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து, "எனக்கு உம்மேல் கோபம்தான், வேறெதுவும் சொல்ல வரவில்லை" என்று சொல்லிவிட்டேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, மறுநாளும் டாக்டர் அதே பதிலைத்தான் சொன்னார். ஆனால் அத்தனை நாளில் நான் பொய் கலக்காமல் ஜெபித்தது அந்த ஒரு முறைதான்.

வேதாகமத்தில் இதற்கு இடம் இல்லையா என்ன? அதிலுள்ள பக்திப் பாடல்களில் ஒன்றான 13-ஆம் சங்கீதம் தொடங்குவதே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்ற கேள்வியோடுதான். அதுவாவது கடைசியில் துதிப் பாட்டாக முடிகிறது, 88-இல் அதுவும் கிடையாது, 18 வசனம் முழுக்கப் புலம்பிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு, தான் பிறந்த நாளையே சபித்தவர். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களோ கடவுளுக்கு வக்கீலாகி அதிகாரம் அதிகாரமாக வாதாடினார்கள் (முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதோடு நிறுத்தியிருக்கலாம்). யோபுவையும் கடவுள் கேள்வி கேட்டார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யோபு புத்தகத்தின் 42-ஆம் அதிகாரத்தில், யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டது அந்த வக்கீல்களிடம்.

சைவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கொடுத்த வாக்கை மீறிக் கண் பார்வையை இழந்த சுந்தரர், தப்பு தன் பக்கம் இருந்தும், அடியார் துன்பத்தைச் சொன்னால் சும்மா இருப்பீரோ, வாழ்ந்து போதீரே (நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும்) என்று திருவாரூர் ஈசனை ஏசினார். அந்தப் பதிகம் 7-ஆம் திருமுறையில் அப்படியே இருக்கிறது, பக்தியோடுதான் பாடுகிறார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் அந்தப் பகுதியில் 88-ஆம் சங்கீதத்தை முழுதாக அச்சிடுங்கள். கீழே விளக்கம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்