தம்பி, அந்தத் தகடு உனக்கு வராது

டேய் தம்பி,

அப்பாவோட தலைத்திவசம் காவிரிக்கரை அம்மா மண்டபத்துல நல்லபடியா முடிஞ்சுது. ஏன் வரலன்னு கேக்கப் போறதில்ல, லீவு, விசா, பிள்ளைங்க ஸ்கூலுன்னு நீ சொல்றதெல்லாம் எனக்கே மனப்பாடம். வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுது, பதில் வரல, அப்பாவோட தகட்ட கூரியர்ல அனுப்புன்னு ஒரு வரி மட்டும் வந்துச்சு. இங்க எழுதுனா நீ படிப்பன்னு தெரியும். சொந்தக்காரங்க பாதிப் பேரும் படிப்பாங்க, அதுவும் தெரியும்.

காரியத்தன்னிக்கு மொட்டை மாடில "அவரு நமக்கு அப்பாவா இருந்தத விட பாய்லருக்குத்தான் அப்பாவா இருந்தாரு"ன்னு சொன்ன பாரு, அப்ப நான் வாயத் தொறக்கல. கீழ பந்தி நடந்துட்டு இருந்துச்சு. இப்ப சொல்றேன்.

சிங்ரௌலி, கோர்பா, ராமகுண்டம், நடுவுல லிபியா, எல்லாம் பவர் பிளான்ட்டுக்கு பாய்லர் கட்ட அவர் போன ஊருங்க. அவர் எங்க எந்த வருஷம் இருந்தாருன்னு உனக்கு நான் பட்டியல் போடணுமா என்ன. ஆனா 1986 ஏப்ரல்ல அமெரிக்காக்காரன் லிபியா திரிப்போலில குண்டு போட்டப்ப நம்ம வீட்ல ரேடியோவச் சுத்தி உக்காந்திருந்தோமே, அது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ ஒண்ணாவது. அம்மா அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல. அப்புறம் அவர்ட்டருந்து கடுதாசி வந்துச்சு, அதுல குண்டப் பத்தி ஒரு வரி கிடையாது, சின்னவனுக்கு முன்பல்லு விழுந்துருச்சான்னு கேட்டிருந்தாரு. அந்தக் கடுதாசி இன்னும் டிரங்குப் பெட்டில இருக்கு.

சரி, தகட்டுக்கு வரேன். மத்தவங்களுக்காக ரெண்டு வரி, நீ தாண்டிப் போ. புது பாய்லர் கட்டி முடிச்சதும் கரண்டுக்காகச் சுத்துற டர்பைனுக்கு நேரா ஸ்டீம் விட்டுற மாட்டாங்க. பைப்புக்குள்ள வெல்டிங் கசடு, துரு, இரும்புத் தூள் எல்லாம் கெடக்கும், நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துற டர்பைன் பிளேடுல அதுல கடுகு அளவு பட்டாலும் போச்சு. அதனால ஸ்டீம வானத்தப் பாத்து ஊதி வெளிய தள்ளுவாங்க. ஸ்டீம் ப்ளோன்னு பேரு. பைப் கடைசில ஒரு பளபள தகடு மாட்டுவாங்க, குப்பை வந்து மோதுனா அதுல குழி விழும். குழி இல்லாம ஆகுற வரைக்கும் நாள் கணக்கா ஊதணும்.

மேட்டூர் அனல் மின் நிலையம், மூணாவது யூனிட், நமக்கு அரைப்பரீட்சை லீவு. ராத்திரி நம்மள ஜீப்ல கூட்டிட்டுப் போனாரே, தூரமா நின்னும் அந்தச் சத்தம், ஏரோப்ளேன் தலை மேல இறங்குற மாதிரி, நீ வீல்னு கத்திட்ட. ஜீப்ல இருந்தது ஒரே ஒரு இயர் மஃப். அத என் தலைல மாட்டிவிட்டுட்டு உன்ன மடில இழுத்து உக்கார வெச்சு ரெண்டு உள்ளங்கையாலயும் உன் காதப் பொத்திக்கிட்டாரு. அவர் காது தொறந்தே இருந்துச்சு. சத்தம் நின்னதும் தகட்டக் கழட்டிட்டு வந்து குடுத்தாங்க, சூடு ஆறினதும் டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சு உன் வெரல எடுத்து ஒவ்வொரு குழியா வெச்சு எண்ண வெச்சாரு. நீ கணக்க முடிக்கறதுக்குள்ள தூங்கிட்ட. "இன்னும் ஊதணும்"னு அவரே சொல்லிக்கிட்டாரு. பழைய தகடு ஒண்ண வீட்டுக்குக் கொண்டாந்தது அப்பதான்.

"போன்ல நான் சொல்றத அவர் காதுலயே வாங்கறதில்ல"ன்னு நீ எத்தன வருஷம் கோச்சிக்கிட்ட? கேக்கலடா அவருக்கு. எத்தன யூனிட்டு, எத்தன ராத்திரி, காது போயிருச்சு, மெஷின் வெச்சுக்க வெக்கம். எனக்குத் தெரியும், உன்கிட்ட சொல்லாதன்னு சொல்லிட்டாரு. சொல்லிருக்கணுமோ என்னவோ. ஆனா நீயும் ஒரு தடவ நேர்ல வந்து எதிர்க்க உக்காந்து பேசியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்ல.

எனக்கு மட்டும் அவர் மேல கோவம் இல்லன்னு நெனைக்காத. நான் வயசுக்கு வந்தப்ப சடங்குக்கு வரல, சைட்ல ஹைட்ரோ டெஸ்ட்டாம், பாய்லர்ல தண்ணி ஏத்தி பிரஷர் பாக்குறது. பந்தல் பிரிச்சப்புறம் பனாரஸ் புடவை ஒண்ணோட வந்து நின்னாரு, நான் அதக் கட்டவே இல்ல. கல்யாண விஷயத்துல நடந்தத இங்க எழுத முடியாது, சம்பந்தப்பட்டவங்க படிக்கிறாங்க. அம்மா தனியா நம்ம ரெண்டு பேரையும் இழுத்துட்டு ஓடுனத எந்த இரங்கல் கூட்டத்துலயும் யாரும் பேசல, அது எனக்கு இன்னும் எரியுது.

திவசத்துக்கு துவாக்குடிலருந்து ஒரு ஹை பிரஷர் வெல்டர் வந்திருந்தாரு, டிவிஎஸ் 50ல. ஜாயின்ட் எக்ஸ்ரேல ரிஜெக்ட் ஆனா சார் திட்ட மாட்டாரு, ஃபிலிம வெளக்குல காட்டி எங்க வாயு சிக்கியிருக்குன்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பாருன்னு சொன்னாரு. எனக்குப் பொறாமையா இருந்துச்சுடா. கணக்குல நான் ஃபெயிலானப்ப அவர் கோர்பால இருந்தாரு.

தகட்ட கூரியர்ல அனுப்பச் சொல்லி ஒரு வரி மெசேஜ் போட்டிருக்க. மாட்டேன். உனக்கு உரிமை இல்லன்னு சொல்லல, பார்சல்ல வர்ற பொருள் இல்ல அது. வந்து வாங்கிட்டுப் போ. அம்மாவுக்கு தை மாசம் கண் ஆபரேஷன், தேதி குடுத்துட்டாங்க, சின்னவன் வருவானான்னு கேக்கறா. நான் எதுவும் சொல்லல, நீயே அவளுக்குப் போன் போட்டு சொல்லு.

அக்கா